மழை ரீல்

நான்கு நாட்களாகத் தையல்காரர் வீட்டில் மௌனப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி டீ டம்ளரை ‘ணங்’கென்று வைப்பாள், போய்விடுவாள். வசனமே கிடையாது.

காரணம், சம்பந்தி வீட்டார் முன்னால் மனிதர் வாயை விட்டதுதான். “நான் மட்டும் அன்னிக்குத் துணிஞ்சு கேக்கலேன்னா, இவளுக்குக் கல்யாணமே ஆயிருக்காது!”

அதைச் சரிக்கட்டத்தான் ஞாயிறு காலைக்காட்சிக்கு அவளை அழைத்து வந்தார். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், இதே தியேட்டரில், இதே மௌனப் படம் முடிந்த கையோடுதான் அவளிடம் “கட்டிக்கிறியா?” என்று கேட்டார். கடைசியில் காதலர்கள் மழையில் சேர்வதைப் பார்த்தால் கல்லும் கரையும். இவள் கரையமாட்டாளா?

படம் தொடங்கியதுமே மனிதர் சொக்கிப்போனார். ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழ, நாயகி கண்களை மட்டும் மெல்ல உயர்த்தினாள். அவ்வளவுதான், இவருக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது.

“பாரேன், கண்ணாலயே பேசறா!”

மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கடைசில மழை சீன் வரும் பாரு...”

“உஷ்!” என்றது பின்வரிசை.

மழை நடுவிலேயே வந்துவிட்டது. குடைக்கு வெளியே கை நீட்டி நாயகி மழையை ஏந்தினாள். நாயகன் அந்தக் கையைப் பற்றினான். அடடா, என்ன அழகு! ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. அடுத்த ரீலில் அவன் ரயிலேறிப் போயே போய்விட்டான். காலிப் பிளாட்பாரத்தில் அவள் தனியாக நிற்க, தியேட்டரில் விளக்கு எரிந்தது.

தையல்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சமாதானத்துக்கு அழைத்து வந்து பிரிவைக் காட்டியாகிவிட்டதே!

“இது தப்பு! நம்ம படம் இப்படி முடியாது!” என்று எழுந்து கத்தினார்.

“யோவ், படம்தான் முடிஞ்சுதே, நீ என்னய்யா புதுசா ஆரம்பிக்கிற?” என்றது பின்வரிசை.

“இரு, ஆபரேட்டரை நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்” என்று மனைவியிடம் சொல்லிக் கிளம்பினார்.

மனைவி சட்டென்று அவர் சட்டையைப் பிடித்தாள். “என்னங்க, வேணாம். வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

நான்கு நாளில் முதல் வசனம்! அந்தக் குஷியில் அவருக்கு வீரம் இரட்டிப்பானது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஆபரேட்டர் அறைக்கு ஏறினார். அவள் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

நரைத்த ஆபரேட்டர் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ரீலை மாத்திப் போட்டுட்டீங்களா? மழை கடைசிலதானே வரணும்? முப்பத்திரண்டு வருஷம் முன்னாடி இங்கதான் பார்த்தேன், என் ரெண்டு கண்ணால!”

“அன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் சார் அப்படிப் போட்டேன்.” நிமிர்ந்த ஆபரேட்டர், அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “அட, இந்தம்மாதான்! முதல் நாளே தனியா வந்து படத்தைப் பார்த்துட்டு, ‘அண்ணே, நாளைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன், ரொம்பப் பயந்த ஆளு, மழை ரீலைக் கடைசில போட்டாத்தான் வாயைத் திறப்பாரு’ன்னு கெஞ்சினாங்க!”