வாசல் யாருடைய பங்கு?

ஏழு மதில் கட்டி முடித்த பிறகு, உள்ளே வீடு கட்ட இடம் போதாமல் போன நாடு ஒன்று இருந்தது. ஏழுமதில் நாடு என்றே அதற்குப் பெயர். இருந்த கொஞ்ச நஞ்ச வீடுகளும் சில பெரிய மனிதர்கள் கையில் இருந்தன. மற்றவர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு மனசு மாறும்போதெல்லாம் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

பொரி வறுத்து விற்கும் அஞ்சுகமும் அவள் கணவன் மாசானமும் அப்படிப் பல தெரு பார்த்தவர்கள். ஒரு வீட்டில் பொரி வறுக்கும் புகை ஆகவில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் மாசானத்தின் குறட்டை சுவரைத் தாண்டி வருகிறது என்றார்கள். கடைசி வீட்டில் காரணமே சொல்லவில்லை. அஞ்சுகத்துக்கு அலுத்துப் போய்விட்டது. மாடி வேண்டாம், மச்சு வேண்டாம், இனி ஒருத்தன் வந்து 'கிளம்பு' என்று சொல்லக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மன்னர் மூன்றாம் கீர்த்திவளவர் பங்கு வீட்டுத் திட்டத்தை அறிவித்தார். தெருத்தெருவாக முரசு அறைந்தார்கள். "முழு வீடு வாங்க முடியாதவர் கலங்க வேண்டாம். நான்கில் ஒரு பங்கை வாங்குங்கள். மீதி மூன்று பங்கையும் உங்களுக்காக அரசரே வைத்துக்கொள்வார்!" எவ்வளவு பெரிய மனசு என்று மந்திரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அரசர் வைத்துக்கொள்ளும் பங்குக்கு வாடகை உண்டு என்பதை மட்டும் முரசறைந்தவன் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

அஞ்சுகம் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றினாள். வீடு கிடைத்தது. பங்கு பிரித்துக் கொடுக்க மேற்பார்வையாளர் பூதலிங்கனார் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்.

"எந்தப் பங்கு வேண்டும் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். இது குடிமக்களின் பிறப்புரிமை" என்றார்.

அஞ்சுகம் யோசிக்கவே இல்லை. "அடுப்படிய குடுங்க."

"ஏ, கொஞ்சம் பொறு" என்றான் மாசானம்.

"என்னத்தப் பொறுக்க? அடுப்பு நம்மளதா இருந்தா போதும். மத்ததெல்லாம் பின்னால வரும்."

"அருமையான தேர்வு!" என்று பூதலிங்கனார் பாராட்டி, அடுப்படியைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டார். அந்தத் தெருவில் எல்லோருமே அடுப்படியைத்தான் கேட்டார்கள். எல்லோரையும் அவர் அப்படியே பாராட்டினார்.

ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு முதல் ஆணை வந்தது. அரசரின் பங்கு அரண்மனைக்குச் சமம், எனவே கோட்டுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாயக் கூடாது, கால் நீட்டக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது. புருஷனைத் திட்டுவதென்றால் அஞ்சுகம் அவனை அடுப்படிக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவனோ, அரசர் பங்கில் மரியாதையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றான்.

மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. ஒழுகியது முழுக்க அரசரின் பங்கில். அஞ்சுகம் பங்கு அலுவலகத்துக்கு நடந்தாள்.

"நனைவது யார்?" என்று கேட்டார் பூதலிங்கனார்.

"நாங்கதான்."

"அரசர் நனைகிறாரா?"

"அவர் எங்க அங்க வந்தாரு?"

"ஆகவே, நனைபவரே சரிசெய்ய வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது."

சட்டம் எப்போதும் தெளிவாகத்தான் இருந்தது, கூரைதான் அப்படி இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, கூரை முழுவதையும் பிரித்துப் புது ஓடு வேய்ந்தார்கள். சுவருக்கும் ஒரு பூச்சுப் பூசினார்கள். வேலை முடிந்த மறுவாரமே பூதலிங்கனார் வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வீட்டின் மதிப்பு நன்றாக ஏறியிருக்கிறது. தம்முடைய மூன்று பங்கும் இப்படி ஏறியதில் அரசருக்கு மிகுந்த மகிழ்ச்சி."

"சரி, மகிழ்ச்சி. இன்னொரு பங்கு வாங்கலாம்னு சேத்து வச்சிருக்கோம்..."

"அது பழைய மதிப்புக்குச் சேர்த்தது, அம்மணி. இப்போது போதாது. வாடகையும் புது மதிப்புக்குத்தான்."

"நாங்க ஓடு போட்டோம்னு எங்களுக்கே வாடகைய ஏத்துறீங்களா?"

"ஓடு போடாமல் விட்டிருந்தால், அரசர் சொத்தைச் சீரழித்ததாக வழக்கு வந்திருக்கும். தப்பித்தீர்கள்."

அன்றைக்கு அஞ்சுகம் பொரிச் சட்டியைக் கீழே வைத்த வேகத்தில் சட்டி விரிசல் விட்டுப்போயிற்று. நல்லவேளை, வைத்தது சொந்தப் பங்கில்.

அடுத்த வருஷம் அரசவை, 'சிறுபங்குடையோர் விடுதலைச் சட்டம்' என்று ஒன்றை எழுதியது. ஒரு வீட்டில் யாருக்குப் பெரிய பங்கோ அவர் முழு வீட்டையும் விற்கலாம். சிறிய பங்குக்காரர் விடிவதற்குள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். "நான்கில் ஒரு பங்கு என்ற பாரத்தை எத்தனை நாள்தான் எங்கள் மக்கள் சுமப்பார்கள்?" என்று மந்திரி ஒருவர் அவையில் தழுதழுத்தாராம்.

ஆனால் ஏழுமதில் நாட்டில் அரசர் நினைத்தால் மட்டும் சட்டம் வந்துவிடாது. மக்கள் சம்மதிக்க வேண்டும். குறித்த நாளில் அந்தி சாயும்போது, சம்மதம் என்றால் வீட்டு வாசலில் விளக்கேற்ற வேண்டும். சம்மதமில்லை என்றால் வாசல் இருட்டாக இருக்க வேண்டும். காவலர்கள் நடந்து பார்த்துக் கணக்குச் சொல்வார்கள். வாடகைக்கு இருந்த காலத்தில் அஞ்சுகத்துக்கு இந்த உரிமை கிடையாது. இப்போது வீடு இருக்கிறது. ஒருவரையொருவர் கேட்காமலே, வாசலை இருட்டாக விடுவது என்று தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். அஞ்சுகம் அகலைக் கழுவி, துடைத்து, பொரி மூட்டைக்கு அடியில் ஒளித்தே வைத்துவிட்டாள். மாசானம் மறதியில் ஏற்றித் தொலைத்தாலும் தொலைப்பான்.

அந்தி வந்தது. கூடவே எண்ணெய்க் குடத்தோடும் திரியோடும் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பூதலிங்கனாரும் வந்தார். வாசல்படியில் விளக்கை வைத்து ஏற்றினார்.

"யாரைக் கேட்டு ஏத்துறீங்க? எங்களுக்கு இதுல சம்மதமே இல்ல!"

"வாசல் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள், அம்மணி."

அஞ்சுகம் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக்கோடு தொலைவில், அடுப்படியைச் சுற்றி ஒழுங்காகக் கிடந்தது.

"தங்கள் பங்கில் விளக்கேற்றாமல் இருக்கத் தங்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. அரசர் ஒருபோதும் தலையிட மாட்டார்."

"அடுப்படி இருட்டாக் கெடந்தா யாருக்குய்யா தெரியும்?"

"தங்கள் மனசாட்சிக்குத் தெரியும்."

அவள் குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். ஆட்கள் மறுபடி ஏற்றினார்கள். மறுபடி ஊதினாள். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. பூதலிங்கனார் ஆட்களை அடுத்த வாசலுக்கு அனுப்பிவிட்டுச் சற்று நின்றார். முதல் முறையாக அவர் குரலில் அலுவலகத் தோரணை இல்லை.

"ஊதாத தாயி. ஊதி என்ன பண்ண? எங்க வீட்டு வாசல்லயும் இந்நேரம் ஏத்தியிருப்பாக. நானும் அடுப்படிதான் வாங்கினேன்."

தெரு முழுக்க வெளிச்சம். ஒரு வாசல்கூட இருட்டாக இல்லை, இப்படியொரு ஒற்றுமையை நாடு கண்டதில்லை என்று முரசு அறைந்து போனார்கள். சட்டம் இன்றிரவே அமல், வீடுகளும் விற்றாயிற்று என்றும் சேர்த்து அறைந்தார்கள். மாசானம் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தான். அஞ்சுகம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அரண்மனைக்கு நடந்தாள். அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. விடியறதுக்குள்ள நாங்க எங்க போறது? அதை அரசர் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும்.

அரண்மனை வாசலிலும் பெரிய விளக்கு எரிந்தது. காவல்காரன் அந்த வழியாக விடவில்லை. "அரசரப் பாக்கணும்னா கொல்லைப் பக்கமாச் சுத்திப் போம்மா" என்றான். சுற்றிப் போனாள். மடைப்பள்ளிக் கதவு திறந்திருந்தது. உள்ளே, புகைக்கு நடுவே, மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மன்னர் மூன்றாம் கீர்த்திவளவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றித் தரையில் ஒரு வெள்ளைக்கோடு.

"வாசல்ல விளக்கு எரியுதே. ஏத்தினது நீங்கதான?" என்றாள் அஞ்சுகம்.

"நான் ஏற்றவில்லை அம்மா. பட்டாபிஷேகச் செலவுக்கு அப்போது கையில் ஒன்றும் இல்லை. கடல் தாண்டியிருக்கும் வர்த்தகர்கள் அரண்மனையில் மூன்று பங்கை வாங்கிக்கொண்டார்கள். எந்தப் பங்கு வேண்டும் என்று என்னையேதான் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்."

"அப்ப இந்தச் சட்டம்?"

"அவர்கள் எழுதியது. முரசு மட்டும் நம்முடையது."

அஞ்சுகம் வாயைத் திறந்தாள். அதற்குள் அரசர் தயங்கித் தயங்கி எழுந்து, கோட்டின் விளிம்புவரை வந்து, யார் காதிலும் விழாதபடி கேட்டார்.

"ஏம்மா, உங்க பக்கம் வாடகைக்கு வீடு ஏதாச்சும் இருக்கா? சின்னக் குடும்பந்தான். தண்ணிகூட அதிகம் புழங்க மாட்டோம்."