நாற்பத்தாறாயிரம் ஜன்னல் வைத்த வேலி

ஊருக்கு வெளியே, ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தில் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மிஷின். பின்னால் கோழிக்கூண்டு, அதில் இருபத்திரண்டு கோழிகள். கிணற்றை ஒட்டி அவரைப் பந்தல். அவர் தைப்பார், அவள் முட்டையும் காயும் விற்பாள். இதில் அரசாங்கம் தலையிட வேண்டிய விஷயம் எதுவும் இல்லை என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து நிலம் மனைவியின் அண்ணனுடையது. அண்ணனிடம் பதினான்கு ஆடுகள் இருந்தன. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தங்கை நிலம், அந்தப் பக்கம் அண்ணன் நிலம் என்பதை யாரும் ஆடுகளுக்கு முறைப்படி தெரிவித்திருக்கவில்லை.

"அண்ணே, உங்க ஆடு மறுபடியும் அவரைக்கொடியைத் தின்னுடுச்சு."

"ஆடுன்னா கொடியைத் தின்னும். வேற என்ன செய்யும்?"

"கட்டி வைக்கலாமே."

"நீ கொடியைக் கட்டி வைக்கிறது."

"கொடியைக் கட்டித்தான் வெச்சிருக்கேன். பந்தல்னா என்னன்னு நெனச்சீங்க?"

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் தையல்காரர். மச்சான் தைக்கக் கொடுத்த சட்டை பொத்தான் வரை தைத்து முடிந்து ஆணியில் தொங்கியது. "கொண்டு போய்க் கொடுத்தீங்க, அப்புறம் தெரியும்" என்று மனைவி சொல்லியிருந்தாள். என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு வேலி போட்டுவிட்டால் ஆடும் வராது, சண்டையும் வராது, சட்டையையும் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

வேலி போடுகிறவர் வந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நிலத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "மூலைத்தூண் ஆடாம நின்னா வேலி நிக்கும்" என்றார். எட்டடிக்கு ஒரு குழி, இரண்டடி ஆழம். தூணை நிறுத்தி, கல் போட்டு இடித்து, சிமெண்ட் ஊற்றினார். மூலைக்கு மூலை முட்டுக்கால் கொடுத்தார். மேலே, நடுவே, கீழே என்று மூன்று கம்பி இழுத்து முறுக்கேற்றி, வலையை விரித்துக் கட்டுக்கம்பியால் கட்டினார். எட்டு நாளில் மூன்று பக்கம் முடிந்தது. தட்டினால் தம்புரா மாதிரி சத்தம் வந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் மூலைத்தூணில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. மேற்படி நிலத்தில், மேற்படி நபரால், முன் அனுமதியின்றி எழுப்பப்பட்டுவரும் மேற்படி கட்டுமானம் தொடர்பாக, மேற்படி நபர் நேரில் வரவேண்டும்.

"மேற்படின்னு நாலு இடத்துல வருது. மேலே ஒண்ணுமே இல்லையே" என்றாள் மனைவி.

தையல்காரர் அலுவலகத்துக்குப் போனார். பிரிவு அலுவலர் என்று பலகை வைத்த மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. இன்னொன்றுக்கு மூன்று கால். அது பொதுமக்களுக்கு.

"வேலிக்கு அனுமதி வேணும் சார்."

"வேலிக்குன்னு படிவம் கிடையாது."

"அப்போ அனுமதி தேவையில்லையா?"

"படிவம்தான் கிடையாதுன்னேன். அனுமதி கண்டிப்பா தேவை." அலுவலர் சிறிது யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. வந்தவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்தான். "தூண் நட்டிருக்கீங்களா?"

"எழுபத்து மூணு நட்டாச்சு சார்."

"எழுபத்து மூணு தூண் இருந்தா அது கட்டடம். கட்டடத்துக்குப் படிவம் இருக்கு."

"கூரை இல்லையே சார்."

"கூரை, இன்னும் போடவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஜன்னல் எத்தனை?"

"வேலியில ஏது சார் ஜன்னல்?"

அலுவலர் ஒரு தடித்த புத்தகத்தை இழுத்து, விரலை வைத்து வாசித்தார். "'காற்றும் வெளிச்சமும் வந்துபோகும் வண்ணம் அமைந்த ஒவ்வொரு திறப்பும் ஜன்னலாகக் கொள்ளப்படும்.' உங்க வலையில காத்து வருமா?"

"வரும்."

"வெளிச்சம்?"

"அதுவும் வரும்."

"எத்தனை ஓட்டைன்னு எண்ணிட்டு வாங்க."

"உத்தேசமா போட்டுக்கலாமே சார்."

"உத்தேசமா ஜன்னல் வெச்ச கட்டடத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்றார் அலுவலர்.

எண்ண ஆரம்பித்தார்கள். தையல்காரர் ஒரு கோடியில், மனைவி மறுகோடியில். நூறுக்கு ஒரு முறை தூணில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். முதல் நாள் முழுக்கத் தன் நிலத்திலிருந்து வேடிக்கை பார்த்த அண்ணன், இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் கிட்டே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கம்பியோட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"ஜன்னல் எண்ணுறேன் மச்சான். பேச்சுக் கொடுக்காதீங்க."

பேச்சுக் கொடுத்தாகிவிட்டது. எண்ணிக்கை போய்விட்டது; கடைசிக் கோடு எந்த ஓட்டைக்குப் போட்டது என்பதும் மறந்துவிட்டது. தையல்காரர் பழையபடி முதல் தூணுக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்து மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவது பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டார். மறுநாள் மதியம் அண்ணனும் தங்கையும் ஒரே மூலையில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

"உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"பதினாறாயிரத்துச் சொச்சம்."

"சொச்சம் எவ்வளவுன்னு சரியா சொல்லு. அதுலதான் பிடிப்பாங்க."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. அந்த நேரத்தில் வலை கட்டாத நாலாவது பக்கம் வழியாகப் பதினான்கு ஆடுகளும் உள்ளே வந்து பந்தலில் மீதமிருந்ததை முடித்துவிட்டுத் திரும்பிப் போயின. வலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால் மூவரும் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் சண்டை வரவில்லை. "நாளைக்கே விதை கொண்டு வந்து நானே ஊனித் தர்றேன்" என்றார் அண்ணன். சட்டை ஆணியிலிருந்து இறங்கியது.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். இனி வேலியே வேண்டாம் என்று தையல்காரர் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். ஆனால் அவர் முன்பே கொண்டுபோய்க் கொடுத்த கணக்கு, நாற்பத்தாறாயிரத்து நானூற்றெட்டு ஜன்னல் என்று படிவத்தில் ஏறிவிட்டிருந்தது. ஏறிய ஜன்னலை இறக்குவதற்குப் படிவம் இல்லை.

அலுவலரே நேரில் வந்தார். அவ்வளவு ஜன்னல் உள்ள கட்டடம் தனியார் குடியிருப்பாக இருக்க வாய்ப்பில்லை என்றும், எனவே அது பொதுக் கட்டடம் என்ற வகையில் அனுமதிக்கப்படுவதாகவும் தெரிவித்தார். நிபந்தனைகளை வாசித்தார். முன்வாசல் பத்தடி அகலம் இருக்க வேண்டும். அலுவலக நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பின்பக்கம் பூட்டில்லாத அவசர வழி ஒன்று வேண்டும். எவரையும் உள்ளே வராமல் தடுக்கக் கூடாது.

"எவரையும்னா ஆட்டையுமா சார்?"

"ஆடு எவரில் சேருமா, எதுவில் சேருமான்னு மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் வருகைப் பதிவேட்டில் பதிஞ்சுட்டு வரட்டும்."

பதிவேடு என்றால் மேஜை வேண்டும், முத்திரை வேண்டும், பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளராகத் தையல்காரரே நியமிக்கப்பட்டார்.

முதல் நாள் அவர் கூச்சத்தோடு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மச்சான் நிரப்பிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நிறம் கறுப்புன்னு போட்டிருக்கீங்க மச்சான். இந்த ஆட்டுக்கு வயித்துல வெள்ளைப் புள்ளி இருக்கு."

"ஒரே ஒரு புள்ளி மாப்பிள்ளை."

"அடையாளம் பொருந்தலைன்னா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. தனித்தனியா பதினாலு தாள் எழுதிட்டு வாங்க."

மச்சான் பதினாலு தாளையும் ஒரு முறை பார்த்தார், ஆடுகளையும் பார்த்தார். "நான் மேட்டுப் பக்கமே ஓட்டிக்கிறேன்" என்று போய்விட்டார். அதன் பிறகு ஆடுகள் அந்தப் பக்கம் வரவில்லை. கம்பியால் ஆகாதது பதிவேட்டால் ஆயிற்று. இதை அலுவலர் மேலிடத்துக்கு எழுதினார். பதிவேடு ஒன்றே போதுமானதாக இருப்பதால் மேற்படி கம்பி வலை மிகையானது, உடனே அகற்றவும் என்று பதில் வந்தது. ஆடு எவரில் சேருமா என்பதற்குப் பதில் வரவில்லை. வேலி போட்டவரே வந்து வலையை மட்டும் அவிழ்த்துச் சுருட்டினார்; தூண்களும் முன்வாசலும் அப்படியே நின்றன. ஆணை கிடைக்கப்பெற்றதற்குத் தையல்காரர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

முத்திரை குத்துகிற சத்தம் ஊருக்குக் கேட்டது. ஆட்கள் தாளோடு வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கிணற்றுத் தகராறு, ஒருவருக்கு மகள் கல்யாண அழைப்பிதழ். "இதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்லை" என்று தையல்காரர் சொல்லிப் பார்த்தார். "பரவாயில்லை, குத்திக் கொடுங்க. குத்தாத தாளுக்கு இது மேல்தானே" என்றார்கள். வருகைப் பதிவேடு வைப்பது வீட்டுக்கு வீடு கௌரவமாகிவிட்டது. மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் வந்த நோக்கத்தை எழுதிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள். அலுவலகங்களை ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்த்தவர்கள் கூடச் சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் மனைவி முட்டை விற்றுவிட்டுக் கூடையோடு வந்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"வருகையின் நோக்கம்?"

"உலை வைக்கணும்."

"விவரமா எழுது."

அவள் நின்றாள். வரிசையில் பதினெட்டுப் பேர் அவளையே பார்த்தார்கள். ஒருவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கி எழுதினாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இவரிடம் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறாள், ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது.

உலை வைக்கும் முன் வேலிக்காரரிடம் போனாள். "அந்த மேஜையைச் சுத்தி வேலி போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பொழுது போதும்மா. அனுமதி?"

"வாங்கித் தர்றேன்."

பதிவேடுகளின் பாதுகாப்புக் கருதி மேஜையைச் சுற்றி நாற்புறமும் வேலி அமைக்க அனுமதி வேண்டி ஒரு மனு எழுதி, வரிசையில் நின்று நீட்டினாள். பொறுப்பாளர் சரியான இடத்தில் கையெழுத்திட்டார். முத்திரை குத்தினார். படிக்கும் பழக்கத்தை அவர் அதற்குள் விட்டிருந்தார்.

மறுநாள் அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் குழி தோண்டப்பட்டது. நாலு மூலைத்தூண், நாலுக்கும் முட்டுக்கால், ஆறடி உயரத்துக்கு வலை. மனு கொடுக்க வந்தவர்கள் சற்று விலகி நின்று இடம் கொடுத்தார்கள்.

"வாசல் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார் வேலிக்காரர்.

"மனுவில வாசல்னு இருக்கா?"

"இல்லை."

"அப்போ எழுதாததை நாம எப்படிச் செய்றது?"

ஐந்து மணிக்குத் தையல்காரர் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார்.

"என்னடி இது?"

"நீங்க அனுமதி கொடுத்ததுதான்." தாளை வலையில் ஒட்டிப் பிடித்தாள். அவர் அதை அப்போதுதான் முதல் தடவையாக வாசித்தார். வாசித்து முடித்து அவளைப் பார்த்தார். நேற்று பேனாவைக் கையில் வாங்கியபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு லேசாகப் புரிந்தது. அவளுக்கும் அதற்குள் கோபம் வடிந்திருந்தது.

"சரி, அவிழ்க்கச் சொல்லு" என்றார் மெதுவாக.

வேலிக்காரர் குறடை எடுத்தார். "ரெண்டு நிமிஷ வேலை."

"அதெப்படி?" என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர். "முத்திரை குத்தின வேலியை வாய்ச் சொல்லுல அவிழ்க்கலாமா? நாங்க மட்டும் ஒவ்வொண்ணுக்கும் மனு எழுதினோமே."

"ஆமாமா" என்றார்கள் பின்னால் நின்ற எல்லோரும். பத்தடி முன்வாசல் விதிப்படி திறந்தே கிடந்தது.

தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே வர அனுமதி கோரி மேற்படி பொறுப்பாளருக்கு ஒரு மனு எழுதினார். எழுதி, மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து வாசித்தார். இணைப்புத் தாள் எதுவும் இல்லை. ஓரத்தில் 'நாளை வரவும்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "பார்த்தீங்களா, தன் மனுவையே திருப்பிட்டார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா" என்றார் ஒருவர். அதைக் கேட்டுத் தையல்காரரின் முதுகு தன்னால் நிமிர்ந்தது.

அந்த நேரத்தில் மேட்டுப் பக்கமிருந்து அண்ணன் வந்தார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதையும், மாப்பிள்ளை கம்பிக்குள் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். வேலிக்காரர் கையிலிருந்த குறடைப் பிடுங்கிக்கொண்டு நேராக வலைக்குப் போனார்.

"ஏங்க, இத்தனை பேர் நிக்கிறது தெரியலையா? வரிசையில வாங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். வரிசை நீளமாக இருந்தது. குறடும் கையுமாகக் கடைசிக்குப் போய் நின்றார்.