மைக்ராஸ்கோப்பும் மாமாவின் கன்னமும்

கோலார் தங்க வயலில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணத் தெரியாத ஒரே ஆள், நாங்கள் மைக்ராஸ்கோப் என்று கூப்பிட்டவர்தான். சுரங்க ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை. நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்று எங்களுக்குச் சந்தேகம். தெருவில் வணக்கம் சொன்னால் யாரென்று விழிப்பார். "போன மாசம் ரத்தம் குடுத்தேனே சார்" என்றால், அந்த ரத்தத்தில் எண்ணிய அணுக்களின் கணக்கு ஞாபகம் வந்து முகம் மலர்ந்துவிடும். "அடடே, ஈஸினோபில் எட்டு! நீங்களா? வாங்க, வாங்க!"

அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் நானும் என் அக்கா வீட்டுக்காரர் எல்லப்பன் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். மாமா சுரங்கத்தில் பாறையில் துளை போடுபவர். இடது கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டுதான் ஷிப்டுக்கே போவார். ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். எதிர் பெஞ்சிலிருந்த மைக்ராஸ்கோப் பாய்ந்து வந்தார்.

"மூடாதீங்க! வாயை மூடாதீங்க!"

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தலையை உள்ளே விடாத குறையாகப் பார்த்தார். "கன்னத்துல வெள்ளையா ஒரு திட்டு. எத்தினி நாளா இருக்குது?"

மாமாவால் "ஆ" என்றுதான் சொல்ல முடிந்தது.

எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளியின் வாய்க்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "எல்லப்பன் வாயில தங்கம்பா!" என்று எவனோ கத்தினான். கம்பெனி காவல்காரர் ஒருவர் டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

"இன்னாடா, தங்கமா? துப்பு!"

"தங்கம் இல்லீங்க, செல்லு" என்ற மைக்ராஸ்கோப் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு உத்தரவு எழுதியிருக்குது. எப்போ ரெண்டாவணும், எப்போ நிறுத்தணும்னு. ரெண்டாவுறப்போ அதைக் காப்பி எடுக்கும். அதுல எழுத்து தப்பாப் பூடும். முக்காவாசித் தப்பை உடம்பே திருத்திக்கும். இந்தப் புகையில இருக்குதே, தப்பு மேல தப்பு சேத்துக்கினே போவும். கடைசியா 'நிறுத்து'ன்ற எழுத்தே அழிஞ்சிட்டா?"

"நிறுத்தாது" என்றார் காவல்காரர், ஆர்வத்தோடு.

"ரெண்டு நாலாவும், நாலு எட்டாவும். பக்கத்து வீட்டுச் சுவரை இடிச்சிக்கினு உள்ள பூரும். அதான் கேன்சரு."

"அப்போ உத்தரவை மீறுது?"

"ஆமாங்க."

காவல்காரர் எழுந்தார். தன் சர்வீஸில் உத்தரவை மீறிய யாரையும் விட்டவரில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

"நட ஆஸ்பத்திரிக்கு!"

"நான் இன்னாபா தப்பு பண்ணேன்?"

"நீ பண்ணல. உன் செல்லு பண்ணிச்சி. நட!"

கன்னத்து எரிச்சலைக் காட்டச் சொல்லி அக்கா இரண்டு மாதமாகக் கெஞ்சியும் டாக்டரிடம் போகாத மாமா, இப்படித்தான் கைதாகிப் போய்ச் சேர்ந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால், தங்கத்தைப் பார்க்காமல் போவதில்லை என்று முப்பது பேர்.

டாக்டர் திட்டை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வீட்டில் அடுப்பு எரிந்தது, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எதற்கும் சிரிக்கும் மாமா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பேய்மழை. ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டு வாசலில், சொட்டச் சொட்ட மைக்ராஸ்கோப் நின்றிருந்தார். பல் தந்தியடித்தது.

"எழுத்து கெட ஆரம்பிச்சிருக்குது. ஆனா சுவரைத் தாண்டல. வெட்டினதோட போச்சின்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே புகையிலயைத் தொடாதீங்க."

மாமா புகையிலைப் பையை எடுத்து அவர் கையில் வைத்தார். "சாம்பிளா?" என்று கேட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டார் மனுஷர்.

டாக்டரின் சீட்டு மறுநாள் எப்படியும் வந்திருக்கும். அந்த மழையில் அவரை யாரும் அனுப்பவில்லை. அக்கா கொடியிலிருந்த துண்டை உருவி, கூடப்பிறந்தவனுக்குச் செய்வதுபோல அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.