பெடலை நான் முழுசாகத்தான் மிதித்தேன்

அன்பும் மரியாதையும் கொண்ட மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் ஒரே மகள், நீங்கள் ‘அகராதி’ என்று கூப்பிடுகிறவள், எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், எனக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் இந்தக் கடிதத்தில் பதிவு செய்யப் போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் சுகம். கோபத்தைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் சுகம். நீங்களும் அத்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். இதற்குக் கீழே வருவதையும் உளமாரத்தான் எழுதுகிறேன்.

நேற்று மாலை நீங்கள் அப்பாவுடன் போனில் பேசினீர்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தது உங்களுக்குத் தெரியாது. “அத்தான், அவ சின்னப் பிள்ள. கால்ல என்ன பலம் இருக்கும்? பாதி மிதிச்சிட்டு மீதி நேரம் புத்தகம் படிச்சிருப்பா” என்று நீங்கள் சொன்னது சமையலறை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. மாமா, எனக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் நீளம் தாண்டுவதில் இரண்டாவது இடம். என் காலைப் பற்றி இந்த வீட்டில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். அம்மாவுக்கு இடது முழங்கால் உடைந்து கூடியதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால்தான் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் இந்தப் பழைய காரை வைத்திருக்கிறோம், அதில்தான் அவள் தினமும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள், அதில் பழைய கார்புரேட்டர் பெட்ரோல் ஒழுகியது, நீங்கள் உங்களிடம் சும்மா கிடந்த வேறொரு கார்புரேட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினீர்கள், மதியம் ஆனதும் மணியைப் பார்த்துவிட்டு, “அந்தக் கிக்டவுன் கம்பிய மட்டும் நீங்க சரி பண்ணிக்கோங்க அத்தான், அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றீர்கள். பெரிய வேலை இல்லையாம். காரோடு வந்த கையேட்டில் அதற்கு மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது, நான் படித்தேன். பெடலை அடிவரை மிதித்தால், வண்டிக்கு அவசரம் என்று கியர்பெட்டிக்குப் போய்ச் சொல்வது அந்தக் கம்பிதான். அது சொன்னதும் பெட்டி ஒரு கியர் கீழே இறங்கும். கார்புரேட்டரை மாற்றினால் கம்பியின் நீளத்தையும் புதிதாக வைக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைக் கடைசிவரை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கம்பியை முடுக்க வேண்டும்.

உள்ளே உட்கார்ந்தவள் நான். “மிதி” என்றால் மிதித்தேன், “விடு” என்றால் விட்டேன். அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அரை மில்லிமீட்டர் என்பது ஒரு முழம். முதல் அரை மணி நேரம் அவர் கம்பியைத் துடைத்து, அதைப் பார்த்து, அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மட்டும் நான் பள்ளி நூலகப் புத்தகம் படித்தேன், அதை மறைக்கவில்லை. பிறகு அவர் எண்ணெய்க் கையோடு கதவைத் திறக்க வந்ததும் புத்தகத்தை எண்ணெய் படாத பத்திரமான இடத்தில் வைத்துவிட்டேன். அதன் பிறகு என் கவனம் முழுவதும் பெடல்தான். இருபத்தேழு முறை மிதித்தேன். இடிக்கும்வரை மிதித்தேன். நடுவில் நீங்கள் பின்சீட்டிலிருந்து உங்கள் பையை இழுத்துக்கொண்டு ஓடினீர்கள்.

இந்த இடத்தில் இரண்டாவது புகாரையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தை அன்றிலிருந்து காணவில்லை. ‘கடல்வாழ் உயிரினங்கள்’, கெட்டி அட்டை, படங்களுடன். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். காரில் சீட்டிலும் சீட்டுக்கு அடியிலும் தேடிவிட்டேன். மிச்சம் இருப்பது உங்கள் பை ஒன்றுதான். நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. பையைத் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அம்மா காரை எடுத்தாள். கார் முதல் கியரை விட்டு நகர மாட்டேன் என்றது. லேசாக மிதித்தாலே பெட்டி கீழே இறங்கிக் கத்துகிறது, ஆனால் மாடு போகிற வேகம்தான். பக்கத்து வீட்டு டீச்சர் வாசலுக்கு வந்து, “என்னங்க, லாரி ஓட்டக் கத்துக்கிறீங்களா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சத்தத்தைக் கேட்டு ஏதோ பெரிய விபத்துக் கேஸ் வருகிறது என்று இரண்டு கேட்டையும் திறந்துவிட்டு ஸ்ட்ரெச்சரோடு நின்றாராம். அம்மா அதிலிருந்து சாப்பாட்டுப் பையோடு இறங்கியிருக்கிறாள். “என் மானமே போச்சு” என்றாள். “பெடல் வேற முன்ன மாதிரி உள்ள போகல” என்றும் சொன்னாள், அதை யாரும் காதில் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் கியர்பாக்ஸ் பட்டறைக்காரர் கார் போகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, எழுந்துகூட வராமல் சொன்னாராம்: “பெடல முழுசா மிதிக்காமலே கம்பிய கட்டியிருக்காங்கம்மா. இப்படியே ஓட்டினா பெட்டி போயிடும். யாரு மிதிச்சது?”

யாரு மிதிச்சது. இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள், அப்பா என்னைப் பார்த்தார், அடுத்த நாள் நீங்களும் போனிலேயே என்னைப் பார்த்தீர்கள். பொய் சொல்லாத பிள்ளை என்று பெயர் எடுக்க எனக்குப் பதிமூன்று வருடம் ஆனது. அது போக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதனால் இன்று மாலை நானே விசாரணை கேட்டேன். நான் டிரைவர் சீட்டில், அம்மா டார்ச்சோடு கதவருகே, அப்பா பானெட்டுக்குள்.

“மிதி” என்றார் அப்பா.

மிதித்தேன்.

“பெடல் ரப்பர் மேட்டைத் தொட்டுடுச்சுங்க” என்றாள் அம்மா. “இதுக்கு மேல அவ மிதிச்சா கால் ரோட்டுக்குத்தான் வரணும்.”

“இங்க கார்புரேட்டர் வாய் முழுசா திறக்கலையே. கையால தள்ளினா இன்னும் திறக்குது.”

“அப்போ யார் மேல தப்பு?”

அப்பா இன்னொரு முறை கையால் தள்ளிப் பார்த்தார். பிறகு, “உன் தம்பி கார்புரேட்டர் மேல. அதுல கம்பி மாட்டுற கையோட நீளம் நம்ம வண்டிக்குச் சேராது. மொதல்லயே அளந்திருக்கணும், மச்சான் மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்” என்றார். என் தலையைத் தடவி, “பாவம், உன்ன சந்தேகப்பட்டுட்டோம்” என்றும் சொன்னார். மாமா, நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார்புரேட்டரைக் கழற்றி, அதே துணியில் சுற்றி, பார்சலில் உங்களுக்கே அனுப்பப் போகிறார். இனிமேல் உங்களை வண்டிப் பக்கமே விடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. தம்பியாயிற்றே.

ஆகவே நீங்கள் என் காலைப் பற்றிச் சொன்னதை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும் என்றும், புத்தகத்தை அட்டை கசங்காமல் அனுப்பி வைக்க வேண்டும் என்றும் மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவர்கள்தான் சின்னவர்களை வாழ்த்த வேண்டும் என்றாலும், இந்த முறை நான் உங்களை மன்னித்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
முழுசாக மிதித்த,
அகராதி

பின்குறிப்பு: கார்க் கொட்டகை மேசையில் உட்கார்ந்துதான் மேலே உள்ளதை எழுதினேன். உறையை ஒட்டப்போகும்போது அம்மா டார்ச்சைக் கேட்டாள். அது காருக்குள் உருண்டிருந்தது. எடுக்கக் குனிந்தபோது பெடலுக்கு நேர்கீழே ரப்பர் மேட் கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. மேட்டைத் தூக்கினேன். எண்ணெய் படாத பத்திரமான இடம் எது என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

திரும்ப மேட்டைப் போட்டுவிடலாமா என்று எண்ணியது உண்மை. ஐந்து நிமிடம் எண்ணினேன். பிறகு இந்தக் கடிதத்தின் முதல் பத்தியைப் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா திட்டவில்லை. புத்தகத்தை வாங்கி அதன் தடிமனை அளந்தார். “இருபத்தாறு மில்லிமீட்டர்” என்றார். “அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுறவன், மூணு நாளா இதப் பார்க்கல. கண்ணாடி எனக்குத்தான் போடணும்.” கம்பியைப் புதிதாக வைத்தார். மிதித்தேன். பெடல் இதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போனது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தோம். பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, “சத்தத்தையே காணோம், வண்டிய வித்துட்டீங்களா?” என்றார். அம்மா சிரித்தாள். உங்கள் கார்புரேட்டர் எங்கேயும் போகாது, மாமா. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. மறைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேனே. இருபத்தேழு முறை ‘இடிக்கும்வரை மிதித்தேன்’ என்று வரும் இடத்தில், இடித்தது ‘கடல்வாழ் உயிரினங்கள்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் பையைப் பற்றி எழுதியதற்கு மன்னிக்கவும். ஆனால் காலைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது: பெடலின் தடம் முன்னட்டையைத் தாண்டி, திமிங்கிலம் பகுதி வரைக்கும் பதிந்திருக்கிறது. பலமில்லாத காலால் அது முடியாது. அப்பாவே ஒப்புக்கொண்டார். இதையெல்லாம் நூலக டீச்சருக்கு எப்படி எழுதுவது என்று யோசிக்க ஆரம்பிக்கும்போதே, எனக்குச் சொல்லாமல், அம்மாவும் அப்பாவும் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டார்கள்; இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.