உறுப்பினர் அழைப்பும் மஞ்சள் தடவிய நான்கு மூலைகளும்

மாலை ஐந்து மணி நாற்பது. அரங்க வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு சுவர்க் கடிகாரம். பரிசுக் காகிதம் சுற்றியிருந்தது. ஆனால் வட்டமான சுவர்க் கடிகாரத்தை எந்தக் காகிதத்தில் சுற்றினாலும் அது சுவர்க் கடிகாரமாகத்தான் தெரியும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு அரக்கு நிறப் பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு டெம்போ டிராவலரிலிருந்து பட்டு வேட்டி, பட்டுப் பாவாடை, மல்லிகைச் சரம், பால் பாட்டில் என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

அன்று அங்கே கல்யாணம் எதுவும் இல்லை. பெங்களூரில் ஆண்டுதோறும் கலை விழா நடத்தும் ஓர் அமைப்பின் அந்த ஆண்டு விழாவுக்குத் தொடக்க நிகழ்ச்சி அது. பெயர் ‘மழைக்கு முன்’. நிவேதிதா, அர்ஜுன் என்ற இருவர் வழங்கும் நவீன நடனம். ஒரு மணி நேரம் இருவரும் பெரும்பாலும் அசையாமல் நிற்பார்கள். இசை கிடையாது. அந்த அமைப்பில் செய்திமடல் எழுதுவதும் உறுப்பினர் சேர்ப்பதும் என் வேலை. கடிகாரத்துக்கும் நான்தான் காரணம் என்பது அடுத்த சில நிமிடங்களில் எனக்கு விளங்கியது.

அதற்கு முன்பு நான் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் துணை ஆசிரியராக இருந்தேன். பதிப்பை மூடிவிட்டார்கள். (மூடுகிறோம் என்ற அறிவிப்பையும் நான்தான் பிழை திருத்தினேன். ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.) என் கணவரும் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். ஹெப்பகோடியில் வாடகை வீடு. இந்த நிலையில்தான் கலை விழா அமைப்பின் இயக்குநர் சுமித்ரா மேடம் என்னைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார். ஊரில் இவ்வளவு தமிழர்கள் இருந்தும் தங்கள் உறுப்பினர்களில் ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லை என்பது அவருக்குக் குறையாக இருந்தது.

நான் மாதாமாதம் செய்திமடலைத் தமிழில் எழுதி மெயிலில் அனுப்பினேன். முதலில் விழாச் செய்திகள், பிறகு சலுகைகள். உறுப்பினரானால் முன்பதிவில் முன்னுரிமை, முன்வரிசையில் இருக்கை, காபிக்கடையில் தள்ளுபடி, நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞரோடு தேநீர். நல்ல தமிழ். சின்னச் சின்ன வாக்கியங்கள். பதில் எழுதியவர் ஒரே ஒருவர். தன் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

சுமித்ரா மேடம் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ஒரு நாள் கூப்பிட்டார்.

“உன் ரைட்டிங் தும்பா சென்னாகிதே,” என்றார். (படிக்கத் தெரியாதவர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன உடனே நான் சுதாரித்திருக்க வேண்டும்.) “ஆனா மெம்பர் யாரும் வர்லியே. இந்த ஓப்பனிங் ஷோவுக்குத் தமிழ்க் குடும்பங்க வர்லேன்னா தமிழ் செக்‌ஷனை நான் வெச்சுக்க முடியாதும்மா. டிரஸ்டீஸ் கேக்கறாங்க.”

ஒரே வருடத்தில் இரண்டாவது பதிப்பும் மூடப்போகிறது என்று புரிந்தது.

மெயில் வேண்டாம், அச்சிட்டுக் கையில் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். ஸ்ரீராம்புரத்தில் என் சித்தப்பா தனபால் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடை வைத்திருக்கிறார். முகூர்த்த மாதங்களில் அவர் கடையில் நிற்க இடம் கிடைக்காது. நான் எழுதிக்கொண்டு போனதை மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

“என்னா கண்ணு இது, கரண்ட் கட் நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

“செய்திமடல் சித்தப்பா. சலுகையெல்லாம் கீழே இருக்கு பாருங்க.”

“நீ சலுகை குடுக்கறேன்னா எவனும் வரமாட்டான். ஏதோ விக்க வந்திருக்கான்னு கதவ சாத்திடுவான். கையில வாங்குனதும் நம்மள மதிச்சுக் கூப்புடறாங்கன்னு தெரியணும். ஆடப்போறது யாரு?”

“நிவேதிதா, அர்ஜுன்.”

“ஒரு பொண்ணு, ஒரு பையன். அமைப்பா இருக்கே,” என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

மறுநாள் மாதிரி அச்சு வந்தது. ரோஸ் நிற அட்டை, தங்க எழுத்து. இடப்பக்கம் நிவேதிதா, வலப்பக்கம் அர்ஜுன். நடுவில் நாள், நேரம், இடம். ‘தங்கள் குடும்பத்துடன் வந்திருந்து விழாவைச் சிறப்பிக்க அன்புடன் அழைக்கும்’ என்று போட்டு, கீழே சுமித்ரா மேடத்தின் பெயர். இவை எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு வரிசை போல, உறுப்பினர் சலுகைகள்.

நான் தொழில்முறையில் பயிற்சி பெற்றவள். ஒருமுறை மேலிருந்து கீழே படித்தேன். ஒருமுறை கீழிருந்து மேலே படித்தேன். எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை. நிவேதிதாவின் ‘தி’ சரியாக இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தேன். இருந்தது. ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசகர் தலைப்பையும் படத்தையும் தாண்டி வரமாட்டார் என்று புதிதாகச் சேர்ந்த நிருபர்களுக்குப் பல வருடம் வகுப்பு எடுத்தவள் நான். என் கையில் இருப்பது கல்யாணப் பத்திரிகை என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது எனக்குத் தெரியாது. அதைச் சித்தப்பா அன்பின் பேரில் செய்தார். அவரும் சித்தியும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். “எங்க பொண்ணு விசேஷம், குடும்பத்தோட வந்துடணும்,” என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் பொய் கிடையாது. என் வேலை போகாமல் இருப்பதைவிட வேறு என்ன விசேஷம். போன வீடுகள் எல்லாம், வருடக்கணக்காகச் சித்தப்பா கல்யாணம் காதுகுத்து என்று போய் மொய் எழுதிய வீடுகள். வராமல் இருப்பார்களா.

கடிகாரம் வைத்திருந்தவர் சித்தப்பாவின் தெருவில் இருக்கும் கலாவதி அக்கா. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ தனபால் அண்ணன் பொண்ணுதானே? உனக்குத்தான் அப்பவே ஆயிடுச்சே.”

“ஆயிடுச்சு அக்கா.”

“அப்ப இது யாருக்கு?”

“யாருக்கும் இல்லக்கா. இது டான்ஸ் நிகழ்ச்சி. நீங்க உறுப்பினரா சேர்ந்தீங்கன்னா…”

“தெரியும்மா. இப்பல்லாம் ரிசப்ஷன்ல டான்ஸ் வெக்கிறாங்க. எங்க நாத்தனார் பையனுக்குக்கூட வெச்சாங்க.” வாசலில் நிறுத்தியிருந்த விளம்பரப் பலகையை ஏற இறங்கப் பார்த்தார். அதில் நிவேதிதாவும் அர்ஜுனும் சாம்பல் நிறச் சாக்குத் துணியில் எதிரெதிர்த் திசையைப் பார்த்து நின்றார்கள். “பொண்ணு ஒல்லி. ஆனா களையா இருக்கு.”

காவலாளி வந்தார். “மேடம், ஊட்டா எல்லி அந்த கேள்தா இதாரே,” என்றார். சாப்பாடு எங்கே என்று கேட்கிறார்களாம். காபிக்கடையில் அன்று சிறுதானிய பிஸ்கட்டும் எலுமிச்சைப்புல் தேநீரும் இருந்தன. எட்டிப் பார்த்தேன். முதல் பந்திக்கு ஆள் உட்கார்ந்துவிட்டிருந்தது. இலை வரும் என்று முழங்கையைத் தூக்கி இடம் விட்டுக் காத்திருந்தார்கள்.

சித்தப்பா பட்டுச் சட்டையில் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. “பாத்தியா கூட்டத்த?”

“சித்தப்பா, எல்லாரும் கல்யாணம்னு வந்திருக்காங்க.”

ஒருவர் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி நிதானமாகப் படித்தார். “எழுத்துல ஒரு தப்பும் இல்லியே.”

“இல்ல.”

“அப்புறம் என்னா?”

அந்த நேரத்தில் சுமித்ரா மேடத்தின் கார் வந்து நின்றது. இறங்கியவர் பட்டுப்புடவைகளையும், வரிசையையும், கடிகாரத்தையும் பார்த்தார்.

“யாரும்மா இவங்கெல்லாம்?”

“குடும்பங்க மேடம்.”

“எல்லாருமா?”

“நீங்க கேட்ட தமிழ்க் குடும்பங்க,” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மழையும் டிராஃபிக்கும் சேர்ந்து அன்று எங்கள் பழைய உறுப்பினர்களில் பாதிப் பேரைச் சாலையில் நிறுத்தியிருந்தன. உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. “உள்ளே விடு,” என்றார். “மிச்சம் நாளைக்குப் பேசலாம்.” ‘நாளைக்கு’ என்பதை அவர் சொன்ன விதத்தில் நான் மனதுக்குள் என் மேசையைக் காலி செய்தேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. இருவரும் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். எங்கள் வழக்கமான பார்வையாளர்கள் இந்த மாதிரி இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அன்றைய கூட்டம் யோசித்தது.

“ரெண்டும் பேசிக்கவே இல்லியே. சண்டையா?” என்றது ஒரு குரல்.

(உண்மை. அவர்கள் இருவரும் அந்தச் சமயத்தில் மேடைக்கு வெளியே பேசிக்கொள்வதில்லை. உடை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் தொடங்கிய தகராறு. இது அமைப்புக்குள் சிலருக்கு மட்டுமே தெரியும்.)

“பொண்ணு வீட்டுக்காரங்க எங்க காணோம்?”

“லவ் மேரேஜா இருக்கும். சும்மா இரு.”

அதற்குப் பிறகு நிஜமாகவே அமைதி வந்தது. வீட்டாரை எதிர்த்துக் கட்டிக்கொண்ட இருவர் என்று தெரிந்ததும் கூட்டம் அவர்களை ஒரு கணம்கூட விடாமல் பார்த்தது. அவள் ஓர் அடி வைத்தபோது நிமிர்ந்தது. அவன் முகத்தைத் திருப்பியபோது உச்சுக்கொட்டியது. கடைசியில் நிவேதிதா நடந்து வந்து அர்ஜுனின் தோளில் தலையைச் சாய்க்க வேண்டும். அத்துடன் விளக்கு அணையும். அவள் சாய்த்தாள். முன்வரிசையிலிருந்து ஒரு பிடி அட்சதை பறந்தது. கலாவதி அக்கா கைப்பையில் தயாராக வைத்திருந்திருக்கிறார்.

விளக்கு மறுபடி எரிந்தபோது இருவரும் கைகோத்து வணங்கினார்கள், தலையில் அரிசியோடு. அதற்குள் மேடையின் வலப்பக்கப் படிக்கட்டில் வரிசை நின்றுவிட்டது. நான் ஓடினேன். படிக்கட்டை அடைவதற்குள் முதல் குடும்பம் ஏறி, நடனக் கலைஞர்களை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நின்று, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தது. அவர் பத்திரிகைகளுக்குப் படம் எடுக்க வந்தவர். பழக்க தோஷத்தில் எடுத்தார். அடுத்த குடும்பம் ஏறியது. கலாவதி அக்கா கடிகாரத்தை அர்ஜுன் கையில் கொடுத்து, நிவேதிதாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, “அனுசரிச்சுப் போகணும் ரெண்டு பேரும்,” என்றார்.

நிவேதிதா அழ ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு வருடத்தில் ஒரு பார்வையாளர்கூடத் தன்னைத் தொட்டது இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அர்ஜுன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, “இதை எங்கே வைப்பது?” என்று அவளிடம் கேட்டான். அவளும் பதில் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் உறுப்பினர் மேசையிலிருந்து ஸ்ருதி ஓடி வந்தாள். என்னோடு வேலை செய்யும் பெண். தமிழ் தெரியாது. மகிழ்ச்சியில் மூச்சு வாங்கியது. அவளுடைய மேசை வாசலை ஒட்டி இருந்தது. வெள்ளை விரிப்பு, பேனா, ஒரு தட்டில் சாக்லேட். உள்ளே வந்த ஒவ்வொருவரும் நேராக அவளிடம் போய், பெயரும் ஊரும் எழுதிய கவரைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சலுகைத் திட்டத்தில் ‘கலை நண்பர்’ என்று ஒரு வகை உண்டு. விருப்பப்பட்ட தொகையைக் கொடுக்கலாம். ஸ்ருதி கவரைப் பிரித்து, வெளியே இருந்த பெயரைப் பதிந்து, ஆளுக்கொரு உறுப்பினர் அட்டையும் அமைப்பின் துணிப்பையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். துணிப்பை விஷயத்தில் மட்டும் சிலர் திரும்பி வந்து ஏதோ கேட்டார்களாம். அவளுக்குப் புரியவில்லை.

உள்ளே தேங்காய் இல்லையே என்று கேட்டிருப்பார்கள்.

மறுநாள் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு சுமித்ரா மேடம் அறைக்குப் போனேன். நடந்ததைச் செய்தி எழுதுவதுபோல, யார், என்ன, எப்போது, ஏன் என்று சொன்னேன். எல்லோரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, கவர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன் என்றேன்.

“மொய்யத் திருப்பிக் குடுக்கறதா?” என்றார் சித்தப்பா. “மூஞ்சியில அடிக்கற மாதிரி ஆயிடும். அதெல்லாம் வேணாம் மேடம். நாளைக்கு அவங்க வீட்ல ஒரு நல்லது நடந்தா பத்திரிகை வெப்பாங்க. நீங்க போய் செய்யணும். அவ்ளோதான் முறை.”

“நாம போனா?” என்று கேட்டார் மேடம்.

“மறுபடி நீங்க கூப்பிட்டா அவங்க வருவாங்க.”

“ஒவ்வொரு வருஷமும்?”

“விட்டுப்போனாத்தான் தப்பு.”

சுமித்ரா மேடம் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். “மெம்பர்ஷிப்னா அதானேம்மா? நீ ஏன் இதை மெயில்ல எழுதல?”

தமிழ்ச் செய்திமடலை நிறுத்தினார். என்னை நிறுத்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மாதிரி அச்சு பிழை பார்க்க என்னிடம்தான் வருகிறது. நான் முழுதும் படித்து முடிக்கும்வரை சித்தப்பா எதிரில் உட்கார்ந்திருப்பார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “எழுத்தெல்லாம் கிடக்கட்டும் கண்ணு, என்ன நிகழ்ச்சின்னு சொல்லு பாக்கலாம்,” என்பார். சின்னக் குழந்தைகள் உட்பட வீடே சிரிக்கும்.

அமைப்பின் ஆண்டுச் செலவுத் திட்டத்தில் ‘உறுப்பினர் இல்ல விழாக்கள்’ என்று ஒரு தலைப்பு சேர்ந்திருக்கிறது. பொறுப்பாளர் நான். பெரும்பாலும் நானும் சுமித்ரா மேடமும் போகிறோம். ஆடி மாதத்தில் அந்தத் தலைப்பில் செலவு இருக்காது.