பெண் பார்க்க வந்த நாளில் செத்துப்போன ரவுட்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைச் சும்மா விட முடியாதவர்கள் உலகத்தில் ஒரு தனி இனம். மிக்ஸி ஓடினால், ஏன் ஓடுகிறது என்று கழற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அது ஓடாது. அந்த இனத்துக்கு எருத்தேன்பதி வட்டாரப் பிரதிநிதி நான்தான். (போட்டியின்றித் தேர்வு.)

பகலில் கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன். மிச்ச நேரமெல்லாம் ரவுட்டர். வைஃபைக்காக மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டு கிடக்குமே, அந்த டப்பாதான். அதற்குள்ளும் ஒரு மென்பொருள் ஓடுகிறது, ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனி போட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தக்கூடிய வேறொன்றை அதில் ஏற்றலாம். அதை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. அந்தக் குழுவில் அப்போது நான் கடைசி பெஞ்ச். முதன்முதலாக நான் அனுப்பிய திருத்தம் ஒன்று உள்ளே விடப்படாமல் காத்துக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில் வந்தது: நிஜமான ரவுட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

மாப்பிள்ளை கார்த்திகேயன். கிருஷி பவனில், அதாவது அரசு வேளாண்மை அலுவலகத்தில் வேலை. அவருடைய அக்கா மஸ்கட்டில் இருந்தார். அக்கா வீடியோ காலில் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அந்த வீட்டில் எதுவும் நகரும் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று வெளியே; வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால் மட்டும் போன் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வீடியோ காலுக்கு வைஃபையை விட்டால் கதியில்லை. அப்பா இதை நன்றாக உணர்ந்திருந்தார்.

"அம்மிணி, அந்த டப்பாவ இன்னிக்கு ஒருநாளைக்குத் தொட்டுப்போடாத கண்ணு," என்றார். "நாளைக்கு என்ன வேணாப் பண்ணிக்கோ."

பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டு முடித்தபோது, அவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. ஒரு பெண் அந்த நேரத்தில் கண்ணாடி பார்ப்பாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு நிமிஷ வேலை. ஏற்றுவேன், பார்ப்பேன், 'ஓடுகிறது' என்று குழுவுக்கு எழுதுவேன், பழையபடி மாற்றிவிடுவேன். அந்த வயதில் என் திட்டங்களெல்லாம் இப்படித்தான் நான்கு வினைச்சொற்களில் முடிந்துவிடும்.

எங்கள் ரவுட்டர் மாடலில் பழசு, புதுசு என்று இரண்டு உண்டு. வெளியே ஒரே டப்பா. உள்ளே ஏற்பாடு வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கோப்பு தயாரித்து வைத்திருந்தேன். நான் எடுத்தது பழசுக்கானது. எங்கள் வீட்டில் இருந்தது புதுசு. 'இது பொருந்தாது போலிருக்கிறதே' என்று ரவுட்டர் மரியாதையாகக் கேட்டது. (கேட்கத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது.) 'பரவாயில்லை, ஏற்று' என்று அழுத்தினேன்.

எல்லா விளக்கும் அணைந்தது. ஒன்று மட்டும் எரிந்து அணைந்து எரிந்து அணைந்தது. நிற்கவே இல்லை. எங்கள் தொழிலில் இதற்குச் 'செங்கல் ஆகிவிட்டது' என்று பெயர். அதாவது, இனிமேல் சுவர் கட்டத்தான் லாயக்கு.

வாசலுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் தென்னை மரங்களைப் பார்த்துவிட்டு, "அப்ப அவங்களையெல்லாம் மாட்டுக் கொட்டாய்க்குக் கூட்டீட்டுப் போயித்தான் மஸ்கட்டுக்குப் பேச வெக்கோணுமா?" என்றார்.

சம்பந்திகள் வரிசையாகச் சாணிக்கு நடுவே நின்று என்னை மஸ்கட்டுக்குக் காட்டும் காட்சி என் கண்முன் வந்தது. வாசலில் கார் சத்தமும் கேட்டது. உள்ளே ஓடினேன்.

செங்கல்லை எழுப்ப ஒரு வழி உண்டு. மூடியைக் கழற்றினால் உள்ளே பலகையில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றில் வயரைச் செருகி லேப்டாப்போடு இணைத்துவிட்டு, ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். அது கண் விழிக்கும் அந்த ஒரு நொடியில் லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால், 'என்ன வேண்டும்?' என்று நின்று கேட்கும். நொடி தப்பினால் மறுபடி செங்கல். முறையாகப் பார்த்தால் வயரைப் பற்றவைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது கொடியில் மாட்டும் துணி கிளிப்.

காபி எடுத்துப்போக அம்மா கூப்பிட வந்தார். "ஐயோ, இதென்ன கண்ணு! பட்டுச் சேலையோட ஸ்குரூ டிரைவர வெச்சுட்டு நிக்கற?"

"அம்மா, அந்த சுவிட்சுகிட்ட நில்லு. நான் சொல்றப்பப் போடு."

"கரண்ட் அடிச்சுதுன்னா?"

"அடிக்காது. போடு!"

"போடுன்னா இப்பவா, இல்ல நீ சொல்றப்பவா?"

நொடி தப்பியது. மறுபடி போட்டார். இந்த முறை வயர் நழுவியது. வளையல் குலுங்க நான் வயரைப் பிடித்தால் பொத்தானைத் தட்டக் கையில்லை. பொத்தானைத் தட்டினால் வயரைப் பிடிக்கக் கையில்லை. அப்போது அறை வாசற்படியில் ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க, கை கழுவோணும். பைப்பு எங்கிருக்குதுங்க?"

மாப்பிள்ளையின் அம்மா. அவருக்கு முன்னால், தலை நிறையப் பூவும் வாயில் துணி கிளிப்புமாக நான்.

"என்ன கண்ணு பண்ணீட்டிருக்கற?"

கிளிப்பைத் துப்பினேன். "ரவுட்டர் செத்துப்போச்சுங்க அத்தை. எழுப்பீட்டிருக்கறேன்."

"எந்திரிக்குமா?"

"இந்த வயர ஆடாமப் புடிச்சா எந்திரிக்குமுங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த வயரு? இதா? காட்டு."

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாளைத் தரையில் உட்காரவைத்து வேலை வாங்கிய குடும்பம் எங்கள் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இப்பப் போடும்மா!"

அம்மா போட்டார். அத்தை மூச்சைப் பிடித்தார். நான் தட்டினேன். ரவுட்டர் நின்றது. 'என்ன வேண்டும்?' என்றது.

சரியான கோப்பை அனுப்பினேன். கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. அம்மா கும்பிட்டார். வயரை விடச் சொன்ன பிறகும் அத்தை விடவில்லை. கடைசியில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தபோது, நாங்கள் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூவிவிட்டோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குக் கௌரவம். ஹாலில் மாப்பிள்ளையின் அப்பா, மஸ்கட்டுக்குப் பேசுவதற்காகப் போனில் வைஃபை தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு.

"ஏனுங்க, இங்க புதுசா ஒண்ணு வருதுங்களே. பேரு தமிழ்ல இருக்குது. 'கல்யாணம் வே'!"

அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

என் திருத்தம் என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். வைஃபைக்கு வைக்கிற பெயருக்கு முப்பத்திரண்டு பைட் இடம்தான். ஆங்கில எழுத்து ஒன்று அதில் ஒரு பைட் எடுக்கும். தமிழில் எழுத்துக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று, கொம்புக்கு மூன்று. பெயர் நீண்டால் நடு எழுத்திலேயே வெட்டுப்பட்டு, கடைசியில் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். எழுத்தை உடைக்காமல், முழு எழுத்தோடு நிறுத்துவதுதான் நான் எழுதியது. அதைச் சோதிக்க நீளமான தமிழ்ப் பெயர் வேண்டியிருந்தது. முந்தின வாரம் அம்மா இந்தச் சம்பந்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எரிச்சலில், கைக்கு வந்ததை அந்தக் கோப்புகளில் அடித்து வைத்திருந்தேன்: 'கல்யாணம் வேண்டாம்.'

முப்பத்திரண்டு பைட்டுக்குள் அடங்கியது 'கல்யாணம் வே' மட்டும்.

வெட்கத்தில் சாக வேண்டிய நேரம். ஆனால் எழுத்து உடையவில்லையே! கொம்போடு சேர்ந்து முழு 'வே'யாக நின்றிருக்கிறதே! "வந்துருச்சு! சரியா வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். ஹாலில் பலத்த சிரிப்பு.

"கல்யாணம் வேணும்னு பொண்ணே எழுதிப் போட்டிருக்குதாட்ட இருக்குது," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "நம்ம காலத்துல வாயத் தொறக்க முடியுங்களா!"

என் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஸ்கட் அக்கா திரையில் பளிச்சென்று வந்தார்; அவருக்கும் பெயரைப் படித்துக் காட்டினார்கள்; அவரும் சிரித்துத் தலையாட்டினார். எல்லாம் நகர்ந்துவிட்டது. எனக்குத்தான் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை.

தனியாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று மோட்டார் ரூம் பக்கம் அனுப்பினார்கள். கார்த்திகேயன் சுற்றி வளைக்கவில்லை.

"மீதி என்னங்க? 'ணும்'மா, 'ண்டாம்'மா?"

பொய் சொல்ல வரவில்லை. "வேண்டாம்னுதானுங்க எழுதுனேன். உங்களப் பாக்கறதுக்கு முன்னாடி எழுதுனது. இந்த வேலைல ஒரு இடத்துக்கு வந்துட்டு அப்புறமாப் பண்ணிக்கலாம்னு எனக்கு. ஊட்டுல சொல்ல வாய் வரல."

அவர் தலையாட்டினார். பிறகு, பைட் கணக்கை விளக்கச் சொன்னார். விளக்கினேன். மரியாதைக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல 'வ'வுக்கு இடம் இருந்து கொம்புக்கு மட்டும் இடம் பத்தலைன்னா? வெறும் 'வ' நிக்குங்களா, 'வே' மொத்தமாப் போயிருங்களா?"

இதை எங்கள் குழுவிலேயே யாரும் கேட்கவில்லை. நானும் அதைச் சோதித்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும், தைரியம் போவதற்குள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அது 'வேண்டாம்'ங்க. இடம் பத்தாம பாதியில நின்னுருச்சு. இப்பத்திக்குக் கல்யாணம் வேண்டாங்க எனக்கு. கொஞ்ச நாள் போகட்டும்."

காபி டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. அப்பா எழுந்துவிட்டார். அத்தைதான் முதலில் பேசினார்.

"உக்காருங்கண்ணா. செத்ததப் புடிச்சு உக்காரவெச்ச புள்ள அது. அது வேலைய முடிச்சுட்டு வரட்டும். எங்களுக்கென்ன, ரயிலா போயிரும்?"

"எனக்கும் அவசரமில்லைங்க," என்றார் கார்த்திகேயன்.

அன்று மாலையே அவர் கேள்வியை வைத்து ஒரு சோதனை எழுதினேன். பிழை இருந்தது. திருத்தி அனுப்பினேன். குழுவில் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வெளியீட்டில் அது உலகமெல்லாம் போனது. இன்றைக்கு எந்த ஊரிலாவது அந்த மென்பொருள் ஓடும் ரவுட்டருக்கு நீளமான தமிழ்ப் பெயர் வைத்தால், உடையாமல் நிற்கும். அது நான் செய்தது. பிறகு அந்தக் குழுவில், மற்றவர்கள் அனுப்புகிறதைப் பார்த்து உள்ளே விடும் இடத்துக்கே வந்தேன். அப்போது நானே கொழிஞ்சாம்பாறைக்குப் போன் போட்டு, "இப்ப வேணுமுங்க" என்றேன். (வெட்கமா? அதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே செலவழித்தாயிற்று.)

இரண்டு குடும்பத்திலும் அதற்குப் பிறகு யாரும் எதற்கும் முழுப் பதில் சொல்வதில்லை. போன வாரம் விருந்தில் மாமனாரிடம், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பீரமாகச் சொன்னார்:

"வே."