பூச்சி என்று சொல்லாத பேராசிரியர்

உலகில் ஒற்றைப் பொருள்காரர் என்றொரு இனம் உண்டு. மழையைப் பற்றிப் பேசுங்கள், மாமியாரைப் பற்றிப் பேசுங்கள், வாடகை ஏறியதைப் பற்றிப் பேசுங்கள். எங்கே சுற்றினாலும் தன் வாசலுக்கே உங்களை இழுத்துப் போய்விடுவார். நம் பேராசிரியரின் வாசல், ஆண் பூச்சிகளின் இனப்பெருக்கத் துணைச் சுரப்பி. நுண்ணோக்கியில் பார்த்தால், அவிழ்ந்த நூல்கண்டு மாதிரிச் சுருண்டு கிடக்கும் வெள்ளைக் குழாய்கள். இதற்கா பாதி ஆயுள்? கேட்டால், "சின்ன விஷயமா அது?" என்பார். சின்ன விஷயம்தான், வெறும் கண்ணுக்கே தெரியாது.

மகள் விரும்பிய பையனும் அவன் பெற்றோரும் அன்று மாலை கல்யாணம் பேச வருவதாக இருந்தது. மகள் கெஞ்சினாள்.

"அப்பா, என் வாழ்க்கைப்பா. பூச்சின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

"வராதும்மா. சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார். வந்தது வினை.

பையனின் அம்மா மரியாதைக்கு, "எதுல சார் ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். பேராசிரியருக்கு நாக்கு நமைத்தது. மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பூச்சியை மட்டும் கழித்துவிட்டு மீதி அத்தனையையும் கொட்டினார்.

"ஆணோட சுரப்பிங்கம்மா. நூல் மாதிரி சின்னச் சின்னக் குழாய்ங்க. கூடும்போது அந்தச் சுரப்பு பொண்ணுக்குள்ள போயிடும். அப்புறம் அவ வேற யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டா. மளமளன்னு பெத்துத் தள்ளுவா. என்ன, ஆயுசுதான் கொஞ்சம் குறையும்."

பையனின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பையன் தரையைப் பார்த்தான். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பூச்சி ஆன்ட்டி! பூச்சியைச் சொல்றார்!"

பையனின் அப்பா தண்ணீர் மோட்டார் மெக்கானிக். வாயே திறக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே உத்தரவு வாங்கி வந்தவர். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அவ்வளவு சின்னக் குழாயில பிரஷர் எப்படி சார் வருது?"

"சுத்தித் தசை இருக்கு சார், பிழிஞ்சு தள்ளிடும்!"

"அட! நம்ம மோட்டார்ல பார்த்தீங்கன்னா..."

பையனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பேராசிரியர் மகளின் கையைப் பிடித்தார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா. நீ பழகினவ, சமாளிச்சுடுவே. தேதியை நாம ரெண்டு பேருமே பேசிக்கலாம்."

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போதே, "இதே மாதிரிதான் எங்க லைன்லயும்..." என்று பக்கத்திலிருப்பவரிடம் ஆரம்பித்தீர்களே, அவர் எப்போது எழுந்து போனார் என்று கவனித்தீர்களா?